கியர் விழவில்லையா? பாக்ஸைக் கழற்றும் முன் கொஞ்சம் பொறுங்கள்

தேனி மாவட்டத்து லோயர்கேம்பில் மின் நிலையத்துக்கு இறங்கும் பெரிய குழாய்களைத் தாண்டி, கேரள எல்லையில் இருக்கும் குமுளிக்கு மலைச்சாலையில் காரில் ஏறிக்கொண்டிருந்தோம். ஒரு கொண்டை ஊசி வளைவில் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்ற லீவரை இழுத்தேன். லீவர் இரண்டாவதின் இடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் கிளட்சை விட்டால் எஞ்சின் மட்டும் இரைகிறது, வண்டியில் இழுவை இல்லை. பின்பக்கம் உருள ஆரம்பித்ததும் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அம்மாவை இறங்கச் சொல்லிவிட்டுச் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தேன்.

ஏலத்தோட்டத்துக்கு ஆள் இறக்கிவிட்டு வந்த ஜீப் ஓட்டுநர் ஒருவர் நிறுத்தினார். லீவரை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார். "பாக்ஸ் போச்சுண்ணே" என்றார். மேலேயிருந்து இறங்கி வந்த மலையாள லாரிக்காரரும் எட்டிப் பார்த்து, "கியர் பாக்ஸ் போயி" என்று அதையே சொன்னார். வண்டியைக் கயிறு கட்டிக் கீழே கொண்டுவந்து சேர்த்த முதல் பட்டறையிலும் அதே தீர்ப்புதான். பாக்ஸை இறக்க வேண்டும், நான்கு நாள் ஆகும், செலவு பல ஆயிரம்.

மறுநாள் கூடலூரில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். அவர் ஒரு சாக்கை விரித்து வண்டிக்குக் கீழே படுத்துக்கொண்டு, "தம்பி, லீவரை முன்ன பின்ன ஆட்டுங்க" என்றார். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தவர் உள்ளங்கையைத் திறந்து காட்டினார். மோதிரம் அளவுக்கு ஒரு நைலான் வளையம், இரண்டு துண்டாக. "பாக்ஸுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க மேலேர்ந்து சொல்ற சொல்லு கீழ போய்ச் சேரல, அவ்வளவுதான்" என்றார்.

புது வளையத்தின் விலை ஒரு பிரியாணி விலைகூட இல்லை. அன்றிலிருந்து யாராவது "கியர் பாக்ஸ் போச்சு" என்று சொன்னால் எனக்கு மனசு ஒப்புவதில்லை. பழைய கார் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கையைக் கடித்துச் செலவு செய்கிறவர்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் எத்தனையோ தேவையில்லாத செலவு மிச்சமாகும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே சொல், நான்கு பொருள்

குழப்பத்தின் வேர் நம் பேச்சிலேயே இருக்கிறது. "கியரைப் பிடி" என்றால் கையில் இருக்கும் லீவர். "கியர் உடைஞ்சிருச்சு" என்றால் பல்சக்கரம். "கியர் இறக்கணும்" என்றால் முழுப் பெட்டி. "செகண்ட் கியர்ல வா" என்றால் வேகத்தின் ஒரு நிலை. நான்குக்கும் ஒரே சொல். அதனால் லீவரில் கோளாறு என்று நாம் சொல்வது, கேட்பவர் காதில் பெட்டியில் கோளாறு என்று விழுகிறது.

இந்தக் கட்டுரை முழுக்க நான் இப்படிப் பிரித்துச் சொல்கிறேன். கையில் பிடிப்பது லீவர். இரும்புப் பெட்டி பாக்ஸ். அதற்குள் சுற்றுவது பல்சக்கரம். லீவரிலிருந்து பாக்ஸ் வரை போகும் கம்பிகளும் மூட்டுகளும் சேர்ந்தது லிங்கேஜ். இந்த நான்காவதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். என் காரை அன்று வழியில் நிறுத்தியதும் அதுதான்.

பல்சக்கரம் எதற்கு

பெரிய பாறையைக் கையால் புரட்ட முடியாது. கடப்பாரையை நெம்பினால் புரளும். கடப்பாரையின் மறுமுனையை நீங்கள் இரண்டடி கீழே அழுத்தினால் பாறை இரண்டு அங்குலம்தான் எழும். தூரத்தை விட்டுக்கொடுத்து பலத்தை வாங்குகிறோம். பல்சக்கரம் செய்வதும் அதே வேலைதான். சின்னச் சக்கரம் பல சுற்று சுற்றி, பெரிய சக்கரத்தை ஒரு சுற்று சுற்ற வைக்கும். முதல் கியரில் எஞ்சின் சுமார் மூன்றரைச் சுற்று சுற்றினால் பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டு ஒரு சுற்று சுற்றும். டாப் கியரில் கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று. மலை ஏறும்போது கீழ்க் கியருக்கு வருவதும் சமவெளியில் டாப்பில் போவதும் இதனால்தான். இதில் யாருக்கும் பெரிய சந்தேகம் இருப்பதில்லை. அடுத்ததில்தான் இருக்கிறது.

பாக்ஸுக்குள் தாழ்ப்பாள்

லீவரை நகர்த்தும்போது பல்சக்கரங்கள் விலகிப் போய் வேறு பல்சக்கரத்தோடு சேர்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். மிகப் பழைய வண்டிகளில் அப்படித்தான் இருந்தது. நாம் ஓட்டும் கார்களில் முன்னே போகும் கியர்களின் சக்கரங்கள், பெரும்பாலும் எல்லாமே, எப்போதும் கோத்துக்கொண்டேதான் இருக்கும். கரும்புச்சாறு மெஷினின் பக்கவாட்டில் இரண்டு பல்சக்கரம் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு சுற்றுமே, அப்படி.

அப்படியானால் எல்லாக் கியரும் ஒரே நேரத்தில் வேலை செய்யாதா? செய்யாது. ஏனென்றால் ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சக்கரம் தன் தண்டின் மேல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். தண்டோடு அதற்குப் பிடிப்பு இல்லை. கீலில் தொங்கும் கதவு தாழ் போடாத வரை இஷ்டத்துக்கு ஆடுவது போல. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது ஒரு வளையம். அதற்குப் பெயர் ஸ்லீவ். தண்டோடு சேர்ந்தே சுற்றும், ஆனால் தண்டின் நீளவாக்கில் இப்படியும் அப்படியும் நகரும். நகர்ந்து போய் பக்கத்துச் சக்கரத்தின் ஓரத்தில் இருக்கும் குட்டிப் பற்களைக் கவ்வினால் அந்தச் சக்கரம் தண்டோடு பூட்டிக்கொள்ளும். "கியர் விழுந்தது" என்று நாம் சொல்வது இந்தப் பூட்டுதலைத்தான். குமுளியில் மலையாளத்தில் பேசுகிறவர்களும் கியர் விழுவது என்றுதான் சொல்கிறார்கள். எல்லைக்கு இரு பக்கமும் ஒரே வினைச்சொல், அதுவும் சரியான வினைச்சொல். ஒரு தாழ்ப்பாள் அதன் குழியில் விழுகிறது.

ஸ்லீவை நகர்த்துவது கவட்டை மாதிரி ஒரு இரும்புத் துண்டு. அதற்கு ஃபோர்க் என்று பெயர். ஃபோர்க்கை நகர்த்துவது லிங்கேஜ். லிங்கேஜை நகர்த்துவது உங்கள் கை.

இங்கே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். ஸ்லீவ் நகர வேண்டிய தூரம் மிகக் குறைவு, ஒரு சென்டிமீட்டருக்குப் பக்கமாக இருக்கும். அந்தத் தூரம் முழுதாக நகர்ந்தால்தான் தாழ் முழுதாக விழும். பாதி விழுந்த தாழ்ப்பாள் என்ன ஆகும் என்று கம்பம் பள்ளத்தாக்கில் ஆடிக்காற்று வீசும்போது பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு முறை அடித்தால் திறந்துகொள்ளும்.

ஓடும் ராட்டினத்தில் ஏறுவது

இன்னொரு சிக்கல் உண்டு. ஸ்லீவ் ஒரு வேகத்தில் சுற்றுகிறது, அது கவ்வ வேண்டிய சக்கரம் வேறு வேகத்தில் சுற்றுகிறது. வேகம் ஒத்துப்போகாமல் மோதினால் பற்கள் உரசி 'கர்ர்' என்று சத்தம் வரும்.

வீரபாண்டித் திருவிழாவில் கையால் சுற்றிவிடும் சின்ன ராட்டினம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பையன்கள் ஏறுவார்கள். நின்ற இடத்திலிருந்து பாய்ந்தால் தூக்கி எறிந்துவிடும். கொஞ்ச தூரம் கூடவே ஓடி, வேகம் ஒத்துவந்ததும் கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொள்வார்கள். பாக்ஸுக்குள் அந்தக் கூட ஓடும் வேலையைச் செய்வது ஒரு மஞ்சள் உலோக வளையம். அதுதான் சின்க்ரோ ரிங். ஸ்லீவ் கவ்வுவதற்கு முந்தைய நொடியில் அது சக்கரத்தோடு உரசி இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கிவிடும். 1928-ல் காடிலாக் நிறுவனம் இந்த ஏற்பாட்டைக் காரில் கொண்டுவந்தது. அதற்கு முன் ஓட்டியவர்கள் தங்கள் காதையும் காலையும் வைத்தே வேகத்தை ஒத்துப்போக வைக்க வேண்டியிருந்தது.

நம் ஊர் அம்பாசடரில் பழைய பாக்ஸ்களில் முதல் கியருக்கு சின்க்ரோ கிடையாது. அதனால்தான் அந்தக் கால ஓட்டுநர்கள் வண்டி முழுதாக நின்ற பிறகே முதல் கியர் போடச் சொல்வார்கள். ரிவர்ஸுக்கு இன்றும் பல கார்களில் சின்க்ரோ இல்லை. முன்னால் போகும்போது எழாத ஊளைச் சத்தம் ரிவர்ஸில் எழுவதும், அவசரமாகப் போட்டால் கர்ர் என்பதும் கோளாறு அல்ல. அதன் பற்கள் நேராக வெட்டப்பட்டவை, சத்தம் போடத்தான் செய்யும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: சக்கரங்கள் எப்போதும் கோத்தே இருக்கின்றன. ஸ்லீவ் என்ற தாழ்ப்பாள் ஏதாவது ஒன்றைத் தண்டோடு பூட்டுகிறது. பூட்டும் முன் சின்க்ரோ ரிங் வேகத்தைச் சமன் செய்கிறது. தாழ் முழுதாக விழ ஒரு சென்டிமீட்டர் நகர்வு வேண்டும்.

கைக்கும் பாக்ஸுக்கும் நடுவே

இப்போது லிங்கேஜுக்கு வருவோம். உங்கள் கை இரண்டு விதமான செய்தி அனுப்புகிறது. லீவரை இடமோ வலமோ தள்ளுவது, எந்தத் தாழ்ப்பாள் என்று காட்டுவதற்கு. முன்னேயோ பின்னேயோ தள்ளுவது, அந்தத் தாழைப் போடுவதற்கு. இரண்டு செய்தியும் கலக்காமல் போய்ச் சேர வேண்டும்.

பழைய மகிந்திரா ஜீப்பில் இது சுலபம். லீவர் பாக்ஸின் தலையிலேயே நிற்கிறது. அதன் கீழ்முனை நேராக உள்ளே இறங்கி ஃபோர்க்குகளைத் தள்ளும். நடுவில் யாரும் இல்லை. ஆனால் லீவரின் உருண்டையும் அது உட்காரும் குழியும் தேய்ந்துவிட்டால், கீழ்முனை இரண்டு ஃபோர்க்குகளுக்கு நடுவே போய்ச் சிக்கிக்கொள்ளும். போடி மெட்டு, கம்பம் மெட்டுப் பக்கம் தோட்டத்து ஜீப் ஓட்டுகிறவர்கள் மூடியைத் திறந்து லீவரை உருவிவிட்டு, ஒரு திருப்புளியால் உள்ளே இருப்பதை நியூட்ரலுக்கு, அதாவது எந்தக் கியரும் விழாத நிலைக்குத் தள்ளி, மறுபடி லீவரைச் சொருகிக்கொண்டு கிளம்புவார்கள். அதுவும் பாக்ஸ் போன கதை இல்லை, லீவர் தேய்ந்த கதைதான்.

அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் நெடுங்காலம் லீவர் ஸ்டீயரிங் தண்டிலேயே இருந்தது. அங்கிருந்து கம்பிகள் எஞ்சின் அறை வழியாக பாக்ஸுக்குப் போகும். தண்டின் அடியில் இருக்கும் இரண்டு குட்டி நெம்புகள் தேய்ந்து, ஒன்று நியூட்ரலுக்குத் திரும்பாமல் நின்றுவிட்டால் லீவர் இறுகிவிடும். டாக்ஸி ஓட்டுநர் இறங்கி, பானட்டைத் திறந்து, கையை விட்டு ஏதோ தட்டிவிட்டு வந்து உட்காருவதை நாற்பது வயது தாண்டியவர்கள் எல்லாரும் பார்த்திருப்போம். அந்த நெம்புகளை நேராக்கத்தான் அவர் இறங்கினார்.

மாருதி 800 வந்தபோது ஏற்பாடு மாறியது. 1983 முதல் 2014 வரை ஓடிய அந்தக் காரில் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கும். பாக்ஸ் அதன் பக்கத்தில், முன்சக்கரங்களுக்கு நடுவே. லீவரோ இரண்டு இருக்கைகளுக்கு இடையில். அதனால் தரைக்குக் கீழே ஒரு நீளக் கம்பி லீவரிலிருந்து பாக்ஸ் வரை ஓடுகிறது. லீவரை இட வலமாகத் தள்ளினால் கம்பி முறுக்கித் திரும்பும். முன்னும் பின்னும் தள்ளினால் கம்பி நீளவாக்கில் நகரும். ஒரே கம்பி இரண்டு செய்தியையும் கொண்டுபோகிறது. கூடவே இன்னொரு கம்பி இணையாக ஓடி, எஞ்சின் ஆடினாலும் லீவரின் அடிப்பாகமும் சேர்ந்தே ஆடும்படி பிடித்துக்கொள்கிறது. பிற்காலத்துக் கார்கள் பலவற்றில் கம்பிக்குப் பதில் இரண்டு கேபிள், ஒரு செய்திக்கு ஒன்று.

எந்த ஏற்பாடாக இருந்தாலும் மூட்டுகள் உண்டு. மூட்டில் இரும்போடு இரும்பு உரசக்கூடாது என்பதற்காக நைலானிலோ ரப்பரிலோ ஒரு வளையம் போட்டிருப்பார்கள். அதுதான் புஷ். தேய்வதற்கென்றே வைத்த பொருள் அது. செருப்பின் அடி போல, தான் தேய்ந்து மற்றதைக் காக்கும்.

ஊர்க் கைபம்பை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியின் மூட்டாணி தேய்ந்துவிட்டால் கைப்பிடி பாதி தூரம் சும்மா போய் வரும், தண்ணீர் வராது. ஆழ்துளையில் தண்ணீர் வற்றிவிட்டது என்று யாராவது புதிதாகத் துளை போடப் போனால் நாம் தடுத்து நிறுத்துவோம். காரில் மட்டும் ஏன் உடனே பாக்ஸை இறக்கச் சம்மதிக்கிறோம்?

ஒரு மில்லிமீட்டர் செய்யும் வேலை

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் பாதிக் கோளாறு தானே புரியும்.

லீவர் நடுவில் ஒரு அச்சில் ஆடுகிறது. அச்சுக்கு மேலே 24 சென்டிமீட்டர், கீழே 6 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேலே நான்கு பங்கு நகர்ந்தால் கீழே ஒரு பங்குதான் நகரும். கீழே ஒரு புஷ் 1 மில்லிமீட்டர் தேய்ந்தால் உங்கள் கையில் 4 மில்லிமீட்டர் ஆட்டம் தெரியும். வழியில் மூன்று மூட்டு, மூன்றிலும் அதே தேய்மானம் என்றால் கையில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆட்டம். லீவர் கஞ்சிக்குள் விட்ட அகப்பை மாதிரி சுழலும்.

ஆட்டம் தெரிவது பரவாயில்லை. மூன்று மூட்டிலும் சேர்ந்து தேய்ந்த அந்த மூன்று மில்லிமீட்டர் ஸ்லீவுக்குப் போய்ச் சேருவதில்லை என்பதுதான் விஷயம். ஒரு சென்டிமீட்டர் நகர வேண்டிய தாழ்ப்பாள் ஏழு மில்லிமீட்டரோடு நிற்கிறது. சமவெளியில் அது தாங்கும். மலையில் ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் பாரம் ஏறி, தாழ் நழுவி, லீவர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளும். "கியர் தள்ளுது" என்று சொல்லும் அந்தக் கோளாறைக் கேட்டதும் பல பட்டறைகளில் பாக்ஸுக்குள் பற்கள் தேய்ந்துவிட்டன என்று முடிவு கட்டுவார்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால் புஷ்ஷைப் பார்க்காமல் அந்த முடிவுக்கு வருவது நியாயமில்லை.

எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்தாலும் இதே போல நடக்கும். ஆக்ஸிலேட்டர் அழுத்தும்போது எஞ்சின் எழுந்து சாயும், லிங்கேஜைத் தன்னோடு இழுக்கும், கியர் நழுவும். ஆக்ஸிலேட்டரை விட்டு விட்டு அழுத்தும்போது லீவர் தலையாட்டுகிறதா என்று பாருங்கள். தலையாட்டினால் முதலில் மவுண்டிங்கைச் சந்தேகப்படுங்கள்.

சுருக்கமாக: கையில் தெரியும் ஆட்டம் பெரும்பாலும் புஷ் தேய்மானம். அந்தத் தேய்மானம் தாழை முழுதாக விழவிடாது. அதனால் கியர் விழாமலும் போகலாம், விழுந்த பின் நழுவவும் செய்யலாம்.

வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய சோதனை

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு கிளட்சை மிதித்து எல்லாக் கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு முறை பல்லோடு பல் முட்டி நிற்கலாம். பிரேக்கைத் தளர்த்தி வண்டியை அரை அடி அசைத்துவிட்டுப் போட்டால் விழுந்துவிடும்.

எஞ்சின் நின்றிருக்கும்போது எல்லாம் சுலபமாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் எல்லாக் கியரும் மறுத்தால் லிங்கேஜை விட்டுவிடுங்கள், பாக்ஸையும் விட்டுவிடுங்கள். அது கிளட்ச். எஞ்சினிலிருந்து பாக்ஸைப் பிரித்துவிடுவதுதான் கிளட்ச்சின் வேலை. கேபிள் தளர்ந்தாலோ பிளேட் ஒட்டினாலோ அது முழுதாகப் பிரிக்காது. உறுதி செய்ய இன்னொரு வழி: எஞ்சின் ஓட, கிளட்சை மிதித்து ஐந்து நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பொறுத்த பிறகும் கர்ர் என்றால் கிளட்ச் பிரியவில்லை. கேபிளைக் கொஞ்சம் இறுக்கினாலே சரியாகிவிடும் சந்தர்ப்பங்கள் நிறைய.

எஞ்சின் நின்றிருந்தும் லீவர் சரியாகப் போகவில்லை, அல்லது போகிறது ஆனால் கொழகொழவென்று ஆடுகிறது என்றால், இரண்டாவது ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து லீவரை மெதுவாக ஆட்ட வேண்டும். இன்னொருவர் கீழே டார்ச் அடித்து கம்பியின் இரண்டு முனையையும் பார்க்க வேண்டும். லீவர் நகர்ந்து கம்பி சும்மா இருந்தால் பின்முனை மூட்டில் கோளாறு. கம்பி நகர்ந்து பாக்ஸில் இருக்கும் குட்டித் தண்டு சும்மா இருந்தால் முன்முனை மூட்டில். இரண்டும் சரியாக நகர்ந்து, பாக்ஸின் தண்டும் முழுதாக நகர்ந்து, அப்படியும் கியர் விழவில்லை என்றால் அப்போது பாக்ஸைச் சந்தேகிக்கலாம். கூடலூர் மெக்கானிக் எனக்குச் செய்து காட்டியது இதைத்தான். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். ஆனால் தயவுசெய்து ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள். ஸ்டாண்டோ பட்டறையின் குழியோ இருந்தால் மட்டும் கீழே போங்கள். இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன்.

பாக்ஸுக்குள் நிஜமாகவே கோளாறு இருந்தால் அதன் அடையாளம் வேறு. வண்டி ஓடும்போது ஒரே ஒரு கியருக்கு மாற்றும்போது மட்டும் கர்ர் என்றால், மற்றதெல்லாம் வெண்ணெய் போல விழுந்தால், அந்தக் கியரின் சின்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. நம் மலைப்பக்கத்து வண்டிகளில் அது இரண்டாவது கியராக இருப்பதை அதிகம் பார்த்திருக்கிறேன். வளைவுக்கு வளைவு வேலை வாங்குவது அதனிடம்தானே. ஒரு குறிப்பிட்ட கியரில் போகும்போது மட்டும் ஊளையோ உறுமலோ கேட்டால் சக்கரமோ பேரிங்கோ தேய்ந்திருக்கலாம். பாக்ஸிலிருந்து வடித்த ஆயிலில் இரும்புச் சிராய் மினுங்கினால் பாக்ஸை இறக்குவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

புஷ் மாற்றும் வேலை

இது பெரிய வித்தை இல்லை. ஆனால் வரிசை முக்கியம்.

முதலில் லீவரைச் சுற்றியுள்ள உறையைக் கழற்றி மேலே இருக்கும் மூட்டைப் பாருங்கள். அப்புறம் கீழே. கம்பியும் பாக்ஸ் தண்டும் சேரும் இடத்தில் இறுக்குப் பட்டையோ போல்ட்டோ இருக்கும். கழற்றும் முன் இரண்டும் இருக்கும் நிலையைச் சாக்பீஸாலோ பெயின்ட்டாலோ கோடு போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு கோடு போடாததால் புஷ் மாற்றிய பின் ரிவர்ஸ் விழாமல் அரை நாள் அல்லாடியவர்கள் உண்டு.

பழைய புஷ்ஷை எடுத்ததும் தூக்கிப் போட வேண்டாம். கடைக்கு அதையே கொண்டுபோய், பக்கத்தில் வைத்து அளந்து வாங்குங்கள். உள்விட்டம், வெளிவிட்டம், உயரம் மூன்றும் ஒத்திருக்க வேண்டும். புஷ் உட்கார்ந்திருந்த ஆணியையும் விரலால் தடவிப் பாருங்கள். அதில் பள்ளம் விழுந்திருந்தால் புதிய புஷ் ஒரு மாதம்கூடத் தாங்காது, ஆணியையும் மாற்றியாக வேண்டும்.

லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து போட்டால் காலத்துக்கும் வரும் என்று சொல்வார்கள். சின்னக் காருக்கு எனக்கு அதில் உடன்பாடில்லை. நைலான் தான் தேய்ந்து ஆணியைக் காக்கிறது. பித்தளை அந்த அளவுக்கு விட்டுக்கொடுக்காது, மெல்ல ஆணியைத் தின்னும். பாக்ஸின் அதிர்வும் சத்தமும் நேராக லீவருக்கு ஏறிவரும். புஷ்ஷே கிடைக்காத வண்டிக்கு அது கடைசி வழி, முதல் வழி அல்ல.

மண்ணெண்ணெயில் துடைத்து, காயவிட்டு, புதியதைப் போடும்போது கிரீஸ் தடவுங்கள். நைலானுக்கு சாதாரண லித்தியம் கிரீஸ் போதும். ரப்பர் புஷ் என்றால் சிலிகான் கிரீஸ்தான், மற்ற கிரீஸ் ரப்பரை ஊற வைத்துக் கெடுத்துவிடும். மண்ணெண்ணெயும் ரப்பரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டிய பின் நிலை பார்ப்பது. பாக்ஸ் நியூட்ரலில் இருக்க வேண்டும், லீவரும் நியூட்ரலில் நேராக நடுவில் நிற்க வேண்டும், அந்த நிலையில் போல்ட்டை இறுக்க வேண்டும். போட்ட கோடு இங்கே கை கொடுக்கும். இறுக்கியதும் எஞ்சின் நிறுத்திய நிலையிலேயே எல்லாக் கியரும், முக்கியமாக ரிவர்ஸும், கடைசி வரை போகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கக் கியர்கள் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் விழுந்தால் நிலை தப்பியிருக்கிறது, தளர்த்தி மறுபடி செய்யுங்கள்.

அப்படியே பாக்ஸின் ஆயில் அளவையும் பார்த்துவிடுங்கள். கையேட்டில் எந்த வகை போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். சின்க்ரோ ரிங் மஞ்சள் உலோகம் என்று சொன்னேன். சில ஆயில்களில் இருக்கும் கந்தகச் சேர்க்கை அந்த உலோகத்துக்கு ஆகாது. விலை கூடிய ஆயில் நல்ல ஆயில் என்று கணக்குப் போடக்கூடாது.

மலைச்சாலையில் மாட்டிக்கொண்டால்

மூட்டு கழன்று நின்றுவிட்டால், ஏறும் வழியா இறங்கும் வழியா என்று முதலில் பாருங்கள். சக்கரத்துக்குக் கல் வைத்து, எஞ்சின் நிறுத்தி, பாதுகாப்பாகக் கை எட்டும் இடத்தில் மூட்டு இருந்தால் தற்காலிகமாகக் கட்டலாம். கழன்ற முனையை ஆணியில் மாட்டி, நழுவாமல் கட்டுக்கம்பி சுற்றுவது, ஆட்டத்தைக் குறைக்க சைக்கிள் டியூப் பட்டை ஒன்றைச் சுற்றுவது என்று வழக்கமான கைவைத்தியங்கள் உண்டு. அது சமதளம் போய்ச் சேரும் வரைதான்.

இறங்கும்போது கியர் நழுவுகிற வண்டியை ஓட்டவே ஓட்டாதீர்கள். மலை இறக்கத்தில் வண்டியைப் பாதி பிடிப்பது எஞ்சின்தான். கியர் நழுவினால் முழுப் பாரமும் பிரேக்கில் விழும். பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு போல உள்ளே போய்விடும். லீவரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இறங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. நீங்கள் லீவரை அழுத்தும் நேரமெல்லாம் ஃபோர்க் சுற்றும் ஸ்லீவோடு உரசித் தேய்கிறது. நல்ல வண்டியிலும்கூட ஓட்டும்போது லீவர் மேல் கையைச் சும்மா வைத்திருக்கும் பழக்கம் வேண்டாம், காரணம் இதேதான். கயிறு கட்டி இறக்குவதும் பிரேக் நன்றாக இருக்கும் வண்டிக்குத்தான். முடிந்தால் குமுளிக்கே மேலே கொண்டுபோய்ச் சரிசெய்துகொண்டு இறங்குங்கள். அங்கே தமிழில் சொன்னாலும் புரியும்.

மெக்கானிக்கிடம் போகும்போது "கியர் பாக்ஸ் போச்சு" என்று தீர்ப்போடு போகாமல் நடந்ததைச் சொல்லுங்கள். "எஞ்சின் நின்னா எல்லாம் விழுது, ஓடுறப்ப ரிவர்ஸ் கத்துது." "மூணாவது மட்டும் ஏத்தத்துல தள்ளுது, லீவர் ரொம்ப ஆடுது." இப்படிச் சொன்னால் நல்ல மெக்கானிக் நேராகக் கோளாறு இருக்கும் இடத்துக்குப் போவார். பாக்ஸை இறக்க வேண்டும் என்று சொன்னால், "ஒரு தடவை லிங்கேஜ் புஷ் பாத்துட்டு இறக்கலாமாண்ணே?" என்று பணிவாகவே கேளுங்கள். பார்த்துவிட்டு அவர் அப்படியும் இறக்க வேண்டும் என்றால், சரி, அப்போது நம்பலாம்.

புஷ் மாற்றிய வண்டியை முதல் நாளே மலைக்குக் கொண்டுபோகாமல், கூடலூருக்கும் லோயர்கேம்புக்கும் நடுவில் இரண்டு முறை போய் வந்து எல்லாக் கியரையும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஒரு வாரம் ஓடிய பிறகு ஸ்பானரை எடுத்து, கோடு போட்ட இடம் நகரவில்லையா என்று பார்த்து, அந்த போல்ட்டை மறுபடி ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.